கோட்டை வாசலில் ஓர் ஏந்திரம்

சென்னை விமான நிலையத்தில் பரிசோதனை செய்த பெண் என் கைப்பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு சாண் நீளம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். ஒரு முனை சீவியிருந்தது.

"என்ன சார் இது?"

"கைப்பிடி."

"எதுக்குக் கைப்பிடி?"

"கல்லுக்கும்மா. மாவு அரைக்கிற ஏந்திரம் இருக்குல்ல, அதுக்கு. பிரான்சுல எங்க அக்கா வச்சிருக்கு. கைப்பிடி முறிஞ்சு போச்சாம்."

"அங்கே மிக்ஸி விக்கிறதில்லையா சார்?" என்றபடி கட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா அஞ்சலை என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்களுக்குக் கோட்டுச்சேரி. அவளைக் கட்டிக்கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். அத்தான் இறந்த பிறகும் அவள் ஊர் திரும்பவில்லை. பிரான்சின் நடுவில், பழைய கோட்டை ஒன்றைச் சுற்றிக் கிடக்கும் சிறிய கிராமத்தில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா போன பிறகு பங்கு பிரித்தபோது வீடு எனக்கு வந்தது. அக்கா ஏந்திரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற ஊர்களில் திருகை என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல். மேல் கல்லின் ஓரத்துக் குழியில் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும்.

போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நல்ல கருவேலங் கட்டையில கைப்பிடி ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு வா. வந்து எனக்காக ஒரு பொய் சொல்லணும்."

"என்ன பொய்?"

"நேர்ல வாடா."

புதன்கிழமை பாரிசிலிருந்து ரயில் ஏறினேன். அந்த நாட்டில் சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும் என்பது எனக்குத் தெரியாது. முன் பாதி ஓர் ஊருக்குப் போகிறது, பின் பாதி வேறோர் ஊருக்கு. நான் பின் பாதியில் இருந்தேன். எதிரே இருந்த கிழவர் என் சீட்டை வாங்கிப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தண்டவாளத்தில் விலகிப் போய்க்கொண்டிருந்த பெட்டிகளைக் காட்டி, "அதோ போகிறது உங்கள் ரயில்" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். மயிலாடுதுறை சந்திப்பில் பெட்டி மாறி ஏறியவனுக்குக்கூட டீக்கடைக்காரர் வழி சொல்லிவிடுவார். அங்கே இறங்கிய நிலையத்தில் ஆளே இல்லை. இயந்திரத்தில் ஒரு ரொட்டி மட்டும் கிடைத்தது. கடித்தேன். ரொட்டிதான் என்னைக் கடித்தது.

கடைசியில் ஒரு சிறிய பேருந்து வந்தது. ஓட்டியவர் மார்செல். கூப்பிட்டால் மட்டும் வருகிற கிராமத்து வண்டி அது. அக்காதான் அனுப்பியிருந்தாள்.

"மதாம் அஞ்சலையின் தம்பி தவறான பாதியில்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும்" என்றார் அவர். "எல்லா விருந்தாளிகளும் அந்தப் பாதியில்தான் உட்காருகிறார்கள். அதில் இருக்கை நன்றாக இருக்கும்."

வீட்டில் மீன் குழம்பு தயாராக இருந்தது. ஆற்று மீன். "பட்டினச்சேரி மீன நெனச்சுக்கிட்டுத் தின்னு. இது மீனு இல்ல, தண்ணிய உருட்டி வச்ச மாதிரி" என்றாள் அக்கா. தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

ஊரின் கோட்டையைப் புதிதாக ஒரு செல்வந்தர் வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர், எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர் என்றார்கள். அக்கா அவருக்கு 'மிராசு' என்று பெயர் வைத்திருந்தாள். வருடந்தோறும் அங்கே ஒரு மத்திய கால விழா நடக்கிறது. பிரபு, காரியஸ்தன், பண்ணையடிமை என்று ஊரே வேடம் கட்டும். இந்த வருடம் மிராசு வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் தேடினார். அக்காவின் சமையலறையில் ஏந்திரத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்று நின்றுவிட்டார்.

"நீ என்ன சொன்ன?"

"எடுத்துக்கங்க முசியேன்னேன்."

"ஏன்?"

"ஏன்னா? நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னா வேற என்ன சொல்லுவாங்க?"

எனக்குப் புரிந்தது. யாராவது நம் வீட்டுப் பொருளைப் புகழ்ந்தால், எடுத்துக்கொண்டு போங்கள் என்போம். அவர்கள் ஐயோ வேண்டாம் என்பார்கள். நாம் இன்னொரு தடவை சொல்வோம். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். மிராசு நன்றி சொல்லிவிட்டு மறுநாளே ஆள் அனுப்பி எடுத்துப் போய்விட்டார். தூக்கும்போது பழைய கைப்பிடி முறிந்து இவள் வாசலில் விழுந்தது.

"விழா முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அத கோட்டை மில்லு வாசல்ல சிமெண்ட் போட்டுப் பதிக்கப் போறானாம். படிக்கல்லா. வாறவன் போறவன்லாம் மிதிச்சுக்கிட்டுப் போகணுமாம். அந்தக் காலத்துல பறிச்ச கல்ல அப்படித்தான் செஞ்சாங்களாம்."

"அதுக்கு நான் என்ன பொய் சொல்லணும்?"

"அது உனக்கும் பங்குள்ள கல்லுன்னு சொல்லு. ஒம் பங்க நான் எப்படிக் கொடுக்க முடியும்?"

"அது ஒனக்குன்னு எழுதிக் கொடுத்தாச்சேக்கா."

"ஆமா, பேப்பர்ல இருந்தப்ப நீ அரிச்சந்திரனாத்தான் இருந்த!"

வியாழக்கிழமை மதாம் ஒதில் வந்தார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. விழாவுக்கு வசனம் எழுதுகிறவர் அவர்தான். என்னை ஊர் சுற்றிக் காட்டினார். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துச் சமாளித்தேன். மெதுவாகப் பேசினால் பெரும்பாலும் புரிந்தது.

மத்திய காலத்தில் கோட்டையைச் சுற்றியிருந்த நல்ல நிலம் பிரபுவின் சொந்தப் பண்ணை என்றார். அதற்கு அப்பால் குடியானவர்களின் நிலம், நீளநீளமான துண்டுகளாக. ஒருவனுக்கு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. காடும் மேய்ச்சலும் பொது. ஆனால் காட்டில் மான் பிரபுவுக்கு. பண்ணையடிமை வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் கூடுதலாக. தன் வயலில் கதிர் உதிர்ந்தாலும் பிரபுவின் கதிர் களம் சேர்ந்த பிறகுதான் அங்கே போகலாம். ஊரைவிட்டுப் போக அனுமதி வேண்டும். மகளை வெளியூரில் கட்டிக்கொடுக்க அனுமதியும் கட்டணமும் வேண்டும். அவன் செத்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு கோட்டைக்குப் போகும். தசம பாகம் தேவாலயத்துக்கு. மாவை அரைக்கப் பிரபுவின் மில், ரொட்டி சுடப் பிரபுவின் அடுப்பு. இரண்டிலும் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். வீட்டில் கைக்கல் வைத்திருப்பது பல ஊர்களில் குற்றம்.

"பதிலுக்கு?" என்று கேட்டேன்.

"பாதுகாப்பு. ஒரு துண்டு நிலம். பிரபுவும் சுதந்திரமானவர் அல்ல. அவர் தன்னைவிடப் பெரிய பிரபுவின் முன் மண்டியிட்டு, அவர் கைகளுக்குள் தன் கைகளை வைத்துச் சத்தியம் செய்து நிலம் பெற்றவர். அந்தப் பெரியவர் அரசரிடம். ஏணி மாதிரி."

"ஏணியின் அடியில் இருந்தவன் யாருடைய கைக்குள்ளும் கை வைக்கவில்லையே" என்றேன். அவர் சிரித்தார். "அவன் கையில் மண்வெட்டி இருந்தது."

ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கு எங்கள் ஊரில் அதற்கு ஓர் இணை தெரிந்தது. அப்பா பண்ணையாள். மிராசுதாரின் நிலம் நட்டு முடிந்த பிறகுதான், பிழைப்புக்கென்று விட்டிருந்த பட்டக்காலில் எங்கள் நாற்று இறங்கும். குடிசை நின்ற மனையும் அவருடையது. கல்யாணத்துக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் கொடுத்த கடனே அடுத்த தலைமுறைக்குக் கயிறு. ஊரில் இருந்த ஒரே மில்லும் அவருடையது. உளுந்து உடைக்க அங்கேதான் போக வேண்டும், ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லாவற்றையும் மேற்பார்க்க ஒரு காரியக்காரர். இத்தனையும் நடந்தது சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிய அரசாங்கம் ஆண்டுவிட்டுப் போன மண்ணில்.

ஒதில் மதாமிடம் ஒரு வித்தியாசத்தைச் சொன்னேன். அவர்கள் நாட்டில் பல இடங்களில் ஓர் அடிமை நகரத்துக்கு ஓடிப்போய் ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவன் சுதந்திரன். எங்கள் ஆட்கள் காரைக்காலில் கப்பல் ஏறிக் கடல் தாண்டினார்கள். சாதியும் கூடவே ஏறியது.

அவர் நடையை நிறுத்தினார். பிறகு, "இதை விழாவில் பேசுவீர்களா?" என்றார்.

"விருந்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை விழா தொடங்கியது. முதல் நாள் பிரபுவின் வயலில் வெட்டி வேலை. பாரிசிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு மண்வெட்டி பிடித்தார்கள். பேருந்து ஓட்டும் மார்செல்தான் காரியஸ்தன். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் கம்பு. "வேகமாக, சோம்பேறிகளே! மதியம் கஞ்சி கிடையாது!" என்று கத்த, அடிமைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காசு கொடுத்து வெட்டி வேலை பாக்குறானுவ பாரு. நம்ம அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா டிக்கெட் வித்திருப்பாரு."

ஒருவர் எனக்கும் ஒரு சாக்குச் சட்டையை நீட்டினார். புகைப்படத்துக்கு நன்றாக இருக்குமாம். "வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வேடம் போட்டு முடித்துவிட்டோம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

மதியம் அடிமைச் சாப்பாடு. பட்டாணிக் கூழ், கறுப்பு ரொட்டி, அவித்த கோசு. உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது, அவையெல்லாம் பிற்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தவை.

"மொளகாய்?" என்று கேட்டாள் அக்கா.

"அதுவும் இல்லை."

"மொளகாயும் இல்லாம அடிமையா வேற கெடந்திருக்கானுவ, பாவம்."

"நம்ம ஊர்லயும் அப்ப மொளகா கெடையாதுக்கா."

"ஒன்ன யாருடா கேட்டா?"

சனிக்கிழமை மில். கோட்டைக்குக் கீழே ஓடைக்கரையில் பழைய தண்ணீர் மில்லைச் சரிசெய்து ஓடவிட்டிருந்தார்கள். சக்கரம் நிதானமாகச் சுற்றியது. வாசலில் ஒரு மேசைமேல் எங்கள் ஏந்திரம் இருந்தது. கைப்பிடி இல்லாத கல், பல் இல்லாத வாய் மாதிரி. மேசைக்குக் கீழே தரையில் சதுரமாக ஒரு பள்ளம் வெட்டி, ஓரங்களில் பலகை அடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிமெண்ட் மூட்டை. நாளை மாலைக்கு எல்லாம் தயார்.

மிராசு அங்கேதான் இருந்தார். உயரமான மனிதர், நீல நிற நீள அங்கி. என் கையைப் பற்றிக் குலுக்கினார். "உங்கள் சகோதரியின் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். அவர் பெயர் பொறித்து ஒரு பலகை வைக்கப் போகிறேன்."

அக்கா என் முதுகில் விரலால் குத்தினாள்.

எங்கள் ஊர்ப் பழக்கத்தை விளக்கினேன். விருந்தாளி புகழ்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மரியாதை, அவர் மறுப்பதும் மரியாதை. அவர் கவனமாகக் கேட்டார்.

"மிக அழகான பழக்கம்" என்றார். "ஆனால் எங்கள் ஊரில், கொடுத்ததை மறுப்பது அவமரியாதை. இரண்டு தடவை கொடுத்தார். அன்று என்னோடு வந்திருந்த மதாம் ஒதில் சாட்சி." பிறகு மென்மையாகக் கேட்டார். "இந்தக் கல்லில் உங்களுக்கும் உரிமை உண்டோ? அப்படியானால் விஷயம் வேறு."

கதவைத் திறந்தே விட்டார் மனிதர். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தேன். "இல்லை. அது அவளுடையது" என்ற சொற்கள்தான் வந்தன. செய்தி மேசையில் வருடக்கணக்காக அடுத்தவன் பொய்யை வெட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். கதவைச் சாத்திய பிறகு ஆரம்பித்தாள்.

"கடல் தாண்டி வந்து இறங்கியிருக்குது பாரு, உண்மை! ஒத்தப் பொய். ஒரே ஒரு பொய். அதச் சொல்ல வக்கில்ல. இதுக்கு அந்தக் கட்டைய மட்டும் பார்சல்ல அனுப்பியிருக்கலாம்."

"மரியாதைக்குச் சொன்னதுன்னு அந்த ஆளுக்குப் புரியலக்கா."

"மரியாதையா?" அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "எந்த மரியாதைடா? மிராசுதாரு நம்ம தெருப் பக்கம் வருவாரு. கூரையில சொரக்கா காய்ச்சிருக்கும். 'நல்லாருக்கே'ம்பாரு. அப்பா, 'எடுத்துக்கங்க ஆண்டே'ம்பாரு. கோழிக்குஞ்சு மேயும். 'நல்லாருக்கே.' 'எடுத்துக்கங்க ஆண்டே.' அவரு கேக்கவே மாட்டாரு. கேட்டாத்தானே வாங்குனதா ஆகும்? நாமளே கொடுத்தோம்னு ஆயிடும். நீ சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?"

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அம்மா இந்த ஏந்திரம் வாங்குனதும் தெருவே உளுந்து ஒடைக்க நம்ம வீட்டுக்கு வந்துச்சு. மில்லுக்கு யாரும் போவல. காரியக்காரரு வந்து நின்னாரு. மில்லு இருக்கறப்ப ஒனக்கு எதுக்குடி கல்லுன்னாரு. மில்லு ஒங்களுது, உளுந்து என்னுதுன்னுச்சு அம்மா. அந்தாளு கல்லயே பாத்துக்கிட்டு, 'நல்லாத்தான் இருக்கு'ன்னாரு. நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். இப்ப அம்மா சொல்லும், எடுத்துக்கங்கன்னு சொல்லும்னு பாக்கறேன். சொல்லல. தலைய நிமிராம சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவரு நின்னு நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு."

மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது சொல்லாதத நான் சொல்லிட்டேன். அவன் கேக்கக்கூட இல்ல."

இந்தச் சம்பவத்துக்கு ஒரே சாட்சி அக்காதான். ஒற்றைச் சாட்சியை வைத்து நாங்கள் செய்தி போட மாட்டோம். இங்கே போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை நீதிமன்றம். பிரபு தன் ஆட்களின் வழக்குகளைத் தன் மண்டபத்திலேயே விசாரிப்பார். வழக்கும் அவருடையது, அபராதமும் அவருக்கு. ஆனால் குற்றவாளியா இல்லையா, என்ன தண்டனை என்பதைச் சொல்ல ஊர்க்காரர்களே உட்கார வேண்டும், ஏனென்றால் ஊர் வழக்கம் அவர்களுக்குத்தான் தெரியும் என்று முன்பே விளக்கியிருந்தார் ஒதில் மதாம்.

மண்டபம் நிறைந்திருந்தது. மிராசு உயர்ந்த நாற்காலியில். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், வைக்கோல் கட்டுகள்மேல். முதல் வழக்கில் ஒருவனுடைய பன்றி பிரபுவின் காட்டில் புகுந்தது. பன்றியையே கூட்டி வந்திருந்தார்கள், அது தன் தரப்பைச் சத்தமாகவே சொன்னது. அடுத்தது, அனுமதி கேட்காமல் மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன். அதற்கடுத்து மார்செல் கம்பைத் தரையில் தட்டி அறிவித்தார்.

"வீட்டில் கைக்கல் ஒளித்து வைத்திருந்த பெண்!"

வசனப்படி ரொட்டிக் கடைக்காரரின் மனைவி அழுதுகொண்டே வர வேண்டும். ஏந்திரத்தை மேசையோடு கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் எழுந்திருப்பதற்குள் அக்கா எழுந்து நடந்தாள். சேலைமேல் கம்பளிச் சட்டை, கையில் துணிப்பை.

"கல் என்னுடையது. குற்றவாளி நான்தான்" என்றாள். பிரெஞ்சில், தெளிவாக.

சிரிப்பும் கைதட்டலும். எல்லோரும் நாடகம் என்றே நினைத்தார்கள். அக்கா பையிலிருந்து நான் கொண்டுவந்த கைப்பிடியை எடுத்துக் குழியில் செருகினாள். உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. கச்சிதமாக உட்கார்ந்தது. கோட்டுச்சேரி ஆசாரியின் அளவு தப்பவில்லை. ஒரு பிடி உளுந்தைக் கல்லின் வாயில் போட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். அந்த உயரமான மண்டபத்தில் கல்லோடு கல் உரசும் சத்தம் கூரைவரை போனது. சிரிப்பு அடங்கியது.

"மதாம்," என்றார் மிராசு, இன்னும் புன்னகையோடு, "இப்போது நீங்கள் அழ வேண்டும்."

"அழ மாட்டேன்."

"கல் பறிமுதல் ஆகிவிட்டது. நீங்களே கொடுத்தீர்கள்."

அக்கா சுற்றுவதை நிறுத்தவில்லை. பேசியதை நான் அப்படியே தருகிறேன். "கொடுத்தேன். என் தம்பி அதை மரியாதை என்று சொன்னான். மரியாதை இல்லை முசியே. எங்கள் ஊரில் நிலத்துக்குச் சொந்தக்காரர் எதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாலும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல என் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்து நான் கற்றேன். அது பயம். பயத்தில் வாய் சொன்னது. என் கை கொடுக்கவில்லை. இதோ, கை இங்கேதான் இருக்கிறது."

இப்போது யாரும் அதை நாடகம் என்று நினைக்கவில்லை. மிராசின் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் அல்லர். ஆனால் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உயரமான நாற்காலியில் இருந்தார். நாற்காலிதான் பேசியது. "காரியஸ்தரே, கல்லை எடுத்துப் போங்கள்."

மார்செல் மேசைவரை வந்தார். அக்காவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"பிரபுவே, என் முதுகுக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை."

மிராசு வைக்கோல் கட்டுகள் பக்கம் திரும்பினார். அங்கிருந்தும் யாரும் எழவில்லை. வரி, வெட்டி வேலை, அபராதம் என்று நான் மூன்று நாளாகக் கேட்டுக் குறித்துக்கொண்ட அத்தனையும் எதன்மேல் நின்றது என்பது அப்போது தெரிந்தது. கல்லைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டால் கோட்டை வெறும் கட்டடம்.

பன்னிரண்டு பேரும் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஒதில் மதாமைப் பார்த்து, அந்தக் காலத்தில் இதற்கு என்ன அபராதம் என்று கேட்டார்.

"ஊருக்கு ஊர் வேறு. கோழி என்று வைத்துக்கொள்ளலாம்" என்றார் அவர். பிறகு வசனத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்களில் அதே ஆட்களுக்கு அதே குற்றத்துக்குத் திரும்பத் திரும்ப அபராதம் போட்டிருக்கிறார்கள். கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடியும் அரைத்தார்கள்."

தீர்ப்பு வந்தது. மதாம் அஞ்சலை குற்றவாளி. அபராதம் ஒரு கோழி. கல்லைச் சுமக்க இந்த ஊரில் யாரும் தயாரில்லாததால் அது அவரிடமே இருக்கும்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஒதில் மதாம் எழுந்து நின்று கைதட்டினார். சத்தம் ஓய்ந்ததும் அக்கா கேட்டாள். "அடுத்த வருடமும் விழா உண்டுதானே?"

"உண்டு" என்றார் மிராசு.

"அடுத்த வருடமும் அரைப்பேன். அந்தக் கோழியையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்."

மார்செலும் நானும் ஆளுக்கொரு கல்லாகத் தூக்கிப் போய்ப் பேருந்தில் வைத்தோம். அவருடைய முதுகு நன்றாகத்தான் இருந்தது. அரைபட்ட உளுந்து மாவை அக்கா துணியில் கட்டி எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் களி கிண்டுறேன். நீ பொய் சொல்லாததுக்கு ஊருக்குப் போற வரைக்கும் அதான் தண்டன" என்றாள். அதற்குள் கோபம் போயிருந்தது.

மில் வாசலில் பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. பேருந்து கிளம்புவதற்கு முன் மிராசு தானே நடந்து வந்தார். அங்கியைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டையில் இருந்தார். அக்காவின் கையைப் பற்றிக் குலுக்கி, தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்தார். அக்காவும் தலையசைத்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். மாலை வெயிலில் கோட்டையின் நான்கு கோபுரங்களும் பொன் நிறத்தில் நின்றன.

"உங்கள் கோட்டை எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். மார்செல் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

மிராசு கோட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நன்றி" என்றார்.